வீட்டு நீச்சல்குளத்தில் பாசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கண்ணங்குறிச்சிப் பக்கம் வீடு கட்டி, பின்பக்கம் ஒரு நீச்சல்குளமும் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். குளம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். போர் தண்ணீர்தான் நிரப்புகிறார். நாலு மாதமாகத் தினமும் 60 கிராம் டிசிசிஏ என்ற குளோரின் பவுடர் போடுகிறார். டெஸ்ட் கிட்டில் குளோரின் நன்றாக மஞ்சளாகக் காட்டுகிறது. ஆனாலும் தண்ணீர் அடிக்கடி பச்சையாகிறது, டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் புள்ளிகள் வேறு. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) போட்டுப் பார்த்துவிட்டார். இதைவிடக் கடுமையான மருந்து எது என்பது அவர் கேள்வி. குளோரின் இருக்கும்போதே பாசி எப்படி வளர்கிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் புதிதாக ஒரு மருந்தும் வாங்க வேண்டியிருக்காது.

நான் வேதியியல் படித்தவன். சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுக் குளங்கள், காட்டேஜ் குளங்களைப் பராமரிப்பது பல வருடமாக என் தொழில். உங்கள் குளத்தை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால் கீழே வருவதில் ஒரு பகுதி ஊகம். எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. டிசிசிஏ என்பது குளோரினும் சயனூரிக் ஆசிடும் சேர்ந்த பொருள். கடையில் ‘ஸ்டெபிலைசர்’ என்று சொல்வது இந்த சயனூரிக் ஆசிடைத்தான். வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது அதன் வேலை. அது கொஞ்சமும் இல்லாத தண்ணீரில், சேலத்துச் சித்திரை வெயிலில், ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். ஆகவே கொஞ்சம் தேவை. 30 முதல் 50 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் நல்லது. சிக்கல் என்னவென்றால், குளோரின் செலவாகிக்கொண்டே இருக்கும், ஸ்டெபிலைசர் செலவாகாது. ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது, வெயிலிலும் அழியாது. தண்ணீர் வெளியே போனால்தான் அதுவும் போகும். உங்கள் குளத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 21,600 லிட்டர். அதில் 60 கிராம் டிசிசிஏ போட்டால் 2.5 பிபிஎம் குளோரின் கிடைக்கும், கூடவே 1.5 பிபிஎம் ஸ்டெபிலைசரும் ஏறும். தினமும் 1.5 என்றால் மாதத்துக்கு 45, நாலு மாதத்தில் 180. தண்ணீரைத் திருப்பிவிட்டு ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷிலும், குளிப்பவர்கள் தெறிப்பதிலும் கொஞ்சம் போயிருக்கும். அப்படியும் இன்று உங்கள் தண்ணீரில் 120-க்குக் கீழே இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

அதனால் என்ன கெடுதல்? ஸ்டெபிலைசர் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சீட்டில் கட்டிய பணம் மாதிரி: கணக்கில் உங்கள் பணம்தான், ஆனால் அவசரத்துக்குக் கையில் இருக்காது. டெஸ்ட் கிட் கணக்கைக் காட்டுகிறது, பாசியைக் கொல்வது கையிலிருக்கும் பணம். ஸ்டெபிலைசர் 40 இருக்கும் குளத்தில் 3 பிபிஎம் குளோரின் செய்யும் வேலையை, 180 இருக்கும் குளத்தில் செய்ய 13 பிபிஎம்முக்கு மேல் வேண்டும். ஸ்டெபிலைசர் அளவில் 7.5 சதவீதமாவது குளோரின் எப்போதும் இருக்க வேண்டும் என்பது குளம் பராமரிப்பவர்கள் பலர் பின்பற்றும் கைக்கணக்கு. அந்த 7.5 என்ற எண் அனுபவத்தில் வந்தது. அதற்கு அடியில் இருக்கும் வேதியியலில் சந்தேகமில்லை.

உங்கள் டெஸ்ட் கிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொட்டு விட்டதும் மஞ்சளாக மாறுகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் அது ஓடிஓ கிட். மொத்தக் குளோரினை மட்டும் காட்டும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து ஏற்கெனவே வீணாகிப்போன குளோரினும் அந்த மஞ்சளில் அடக்கம். குளத்தருகே போனாலே குப்பென்று அடிக்கும் வாடை அந்த வீணான குளோரினுடையது. ‘குளோரின் தூக்கலாக இருக்கிறது’ என்று நினைத்து வேலையாள் மருந்தைக் குறைத்துவிடுவார், நிலைமை இன்னும் கெடும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி கிட் வாங்குங்கள், அது இரண்டையும் பிரித்துக் காட்டும். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு வெளுத்து, குளோரினே இல்லாதது போலக் காட்டும்.

ஸ்டெபிலைசரை அளக்கத் தனிக் கிட் இருக்கிறது, ஆன்லைனில் கிடைக்கும். தண்ணீரில் மருந்தைக் கலந்தால் பால் கலந்தது போல மங்கும். அடியில் கறுப்புப் புள்ளி போட்ட குழாயில் அதை மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி கண்ணுக்கு மறையும் கோட்டில் இருக்கும் எண்தான் அளவு. வெயிலுக்கு முதுகைக் காட்டி, குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள். வீட்டுக்குள் டியூப்லைட்டில் பார்த்தால் எண் மாறும். பெரும்பாலான கிட்டுகளில் கோடு 100-ஓடு முடியும். உங்களுக்கு அதைத் தாண்டும் என்பதால், பாதிக் குளத்துத் தண்ணீர், பாதி போர் தண்ணீர் கலந்து அளந்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். நான் ஊகித்தது சரியா என்பது இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

எண் 100-க்கு மேலே வந்தால் தண்ணீரை மாற்றுவதுதான் நம்பகமான வழி. ஸ்டெபிலைசரைக் குறைக்கும் பொடி என்று சிலது விற்கிறார்கள். சில இடங்களில் குறைந்தது, சில இடங்களில் அசையவே இல்லை, அதனால் யாருக்கும் நான் சொல்வதில்லை. பாதியை வெளியேற்றி நிரப்பினால் 180 என்பது 90 ஆகும், இன்னொரு முறை செய்தால் 45. முழுவதையும் ஒரே நாளில் காலி செய்யாதீர்கள். மூக்கனேரி நிரம்பியிருக்கும் மாதங்களில் உங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே நிற்கும். காலியான குளத்தைக் கீழிருந்து தண்ணீர் தூக்கும். ஃபைபர் குளமென்றால் அப்படியே எழும்பிவிடும், கான்கிரீட் என்றால் விரிசல் விடும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் நிரப்ப வேண்டுமென்றால் செலவு உறைக்கும். முடிந்தால் மழைக்காலம் வரை பொறுத்து, மொட்டைமாடி மழைநீரைக் குளத்துக்குத் திருப்புங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் கிடைக்கும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். மழைநீரில் ஸ்டெபிலைசரும் இல்லை, உப்பும் இல்லை.

இனி மயில்துத்தம். நம் பக்கம் குளத்துக்கு அதைப் போடும் பழக்கம் எப்படி வந்தது என்பது புரிகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள், அதனால் தோட்டக்காரர் கையில் அது எப்போதும் இருக்கும். தாமிரம் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் கிருமிகளுக்கு எதிராகக் குளோரின் செய்யும் வேலையை அது செய்யாது. அதுவும் செலவாகாமல் தண்ணீரிலேயே தங்கும். நம் போர் தண்ணீர் மாதிரிக் காரத்தன்மையும் கடினமும் உள்ள தண்ணீரில் நீலப்பச்சையாகப் படியும், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரௌட்டில் கறையாகிவிடும், வெளுத்த முடியைப் பச்சையாக்கும். குளத்திலிருந்து வெளியேற்றும் அந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் மட்டும் திறந்துவிடாதீர்கள். வடிகால் கடைசியில் ஏரிக்குத்தான் போகிறது, தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே மீன்களைக் கொல்லும். குளோரின் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டு, வெற்று மண்ணில் பரவலாகப் பாயவிடுங்கள். தாமிரம் மண்ணில் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒரே மரத்தின் அடியில் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

இப்போது பாசியை எடுக்கும் வேலை. தண்ணீர் மாற்றி ஸ்டெபிலைசர் 45 அளவுக்கு வந்ததும் பிஎச்சை 7.2 - 7.4-க்குக் கொண்டுவாருங்கள். சேலம் போர் தண்ணீரில் அது 8-ஐத் தொட்டு நிற்பது சகஜம். ஸ்டெபிலைசரே இல்லாத தண்ணீரில், பிஎச் 7.2-ல் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வீரியமான வடிவில் இருக்கும், 8-ல் கால் பங்குதான். ஸ்டெபிலைசர் இருந்தால் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்காது, ஆனாலும் சரிசெய்துவிட்டுத் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் குளோரினை ஏற்றிய பிறகு பிஎச் சோதனை பொய் சொல்லும். பிஎச்சைக் குறைக்க ஆசிட் ஊற்றும்போது பம்ப் ஓட வேண்டும், பக்கெட்டில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆசிட். ஆசிடும் குளோரின் மருந்தும் ஒன்றோடொன்று பட்டால் விஷவாயு வரும். டிசிசிஏவும் பிளீச்சிங் பவுடரும் ஈரத்தில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை அள்ளிய டப்பாவால் இன்னொன்றை அள்ளவே கூடாது. பம்ப் ரூமில் இரண்டையும் ஒரே அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தயவுசெய்து இன்றே பிரித்து வையுங்கள்.

சாயங்காலம், வெயில் இறங்கியதும், குளோரினை ஸ்டெபிலைசரின் 40 சதவீதம் அளவுக்கு ஏற்றுங்கள். 45-க்கு 18 பிபிஎம். உங்கள் குளத்துக்கு அது 10 சதவீத சோடியம் ஹைப்போ (திரவக் குளோரின்) ஏறக்குறைய 4 லிட்டர். பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் 33 சதவீதச் சரக்கில் 1.2 கிலோ. ஆனால் அதை அப்படியே தூவாதீர்கள். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அதில் பவுடரைக் கொட்டிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள், அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம். நம் ஊருக்கு நான் ஹைப்போவையே சொல்வேன். போர் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் அதை இன்னும் ஏற்றி, தண்ணீர்க் கோட்டில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அந்தச் சொரசொரப்பில் பாசி நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஹைப்போவின் குறை, வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடுவது. ஆறு மாதம் கடையில் நின்ற கேனில் பாதி வீரியம்கூட இருக்காது. புதிதாக, இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள்.

மருந்து ஊற்றியதும் தேய்க்க வேண்டும், இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பச்சைப் பாசி தண்ணீரில் மிதப்பது, குளோரினுக்கு எளிதில் சாகும். நிழல் விழும் சுவரில் மஞ்சள் பொடி தூவியது போலப் படிவது இன்னொரு வகை. பிரஷ் பட்டதும் கலைந்துவிடும், இரண்டு நாளில் அதே இடத்தில் வந்து நிற்கும். மேலே ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழல் விழும் குளங்களில் இது அதிகம். வார இறுதிக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் வாரம் முழுக்க பம்ப்பை நிறுத்திவைத்திருப்பார்கள், இலை அடியில் ஊறிக்கொண்டிருக்கும், குளிர்ச்சியால் பாசி மெதுவாக வளரும் என்ற ஒரே சாதகமும் அதில் அடிபட்டுப் போகும். கறுப்புப் புள்ளி மூன்றாவது வகை. அது நிஜத்தில் நீலப்பசும் பாக்டீரியா. மேலே வழவழப்பான உறை, அதற்கு அடியில் கிரௌட்டின் நுண்துளைக்குள் பிடிப்பு. உறையைக் கிழிக்காமல் எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் மேலோடு போய்விடும். சிமென்ட் கிரௌட் என்றால் ஸ்டீல் பிரஷ் எடுத்து ஒவ்வொரு புள்ளியையும் அழுத்தித் தேயுங்கள். ஃபைபர் குளத்தில் ஸ்டீல் பிரஷ் கூடாது, நைலான் மட்டும்.

தேய்ப்பதற்கு முன் அது பாசிதானா என்று பார்த்துவிடுங்கள், நீங்கள் மயில்துத்தம் போட்டிருப்பதால் இந்தச் சந்தேகம் எனக்கு உண்டு. கறுப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டினால் பாசி வழவழவென்று கரும்பச்சையாக விரலில் ஒட்டும். உலோகக் கறை ஒட்டாது. அந்த இடத்தில் கொஞ்சம் ஹைப்போ பட்டு நிறம் வெளுத்தால் உயிருள்ளது. வெளுக்காமல், வைட்டமின் சி மாத்திரையை வைத்துத் தேய்த்தால் மங்குகிறது என்றால் அது உலோகக் கறை, பெரும்பாலும் போரில் வந்த இரும்பு. தாமிரக் கறை இதற்கு அவ்வளவு எளிதில் மசியாது. கறைக்குக் குளோரின் ஏற்றி ஒரு பயனும் இல்லை.

பம்ப்பை 24 மணி நேரமும் ஓடவிடுங்கள். காலையும் மாலையும் அளந்து, 18-க்குக் குறைந்ததை மட்டும் திரும்ப ஊற்றுங்கள். முதல் நாள் பாதிக்கு மேல் காணாமல் போகும், பயப்பட வேண்டாம், செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பச்சை போய்ச் சாம்பல் வெள்ளையாகக் கலங்கும். அந்தக் கலங்கலைப் பிடிப்பது ஃபில்டரின் வேலை. பிரஷர் மீட்டர், சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 - 10 பிஎஸ்ஐ ஏறியதும் பேக்வாஷ் செய்யுங்கள். எத்தனை நாளானாலும் கலங்கல் குறையவில்லையென்றால் சாண்ட் ஃபில்டரைத் திறந்து மணலைக் கையால் அளைந்து பாருங்கள். நம் தண்ணீருக்கு மணல் கட்டிகட்டியாக இறுகி நடுவில் வழி விட்டிருக்கும். தண்ணீர் அந்த ஓட்டை வழியே வடிகட்டாமலே போய்க்கொண்டிருக்கும். அப்படியென்றால் மணலை மாற்றத்தான் வேண்டும். அடியில் படிந்ததை வாக்கும் ஹோஸால் உறிஞ்சி எடுக்கும்போது ஃபில்டரின் மல்டிபோர்ட் வால்வை வேஸ்ட்டில் வையுங்கள், அழுக்கு ஃபில்டருக்குள் போகாமல் நேரே வெளியேறும்.

ஒளிந்திருக்கும் இடங்களை விட்டுவிடாதீர்கள்: ஏணிப் படியின் அடிப்பக்கம், மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் மூடியின் உள்பக்கம், லைட்டின் பின்குழி. லைட்டைக் கழற்றுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். தேய்த்த பிரஷ், வாக்கும் ஹோஸ், பிள்ளைகளின் மிதவை எல்லாவற்றையும் இந்த நாட்களில் குளத்திலேயே போட்டு ஊறவையுங்கள்.

எப்போது நிறுத்துவது? தண்ணீர் தெளிந்துவிட்டது என்பது மட்டும் போதாது. இரவு எட்டு மணிக்கு அளந்து, மறுநாள் வெயில் வருமுன் திரும்ப அளங்கள். இரவில் வெயில் கிடையாது, யாரும் குளிப்பதும் கிடையாது, ஆகவே குளோரின் குறைந்தால் தண்ணீரில் இன்னும் எதுவோ அதைத் தின்கிறது. குறைவு 1 பிபிஎம்முக்குள், வீணான குளோரின் 0.5-க்குள் வந்தால் நிறுத்தலாம். அதுவரை குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. மருந்தைவிடக் கலங்கலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அடித்தளத்து வடிகால் மூடி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கேரளத்தில் 2024-ல் செய்தியான மூளைத்தொற்று அமீபாவும், குளோரின் சரியாக இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் பிழைக்கக்கூடியது. அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் உயிர் பிழைப்பது அரிது.

இதற்குப் பிறகு தடுப்பது பெரிய வேலையில்லை. ஸ்டெபிலைசர் 40-ஐ ஒட்டி இருக்கும்வரை குளோரினை 3-க்குக் கீழே இறங்கவிடாமல், 4 - 5-ல் வைத்திருங்கள். தினசரி மருந்துக்கு ஹைப்போ, சாயங்காலத்தில். ஊருக்குப் போகும் வாரங்களுக்கு மட்டும் டிசிசிஏ மாத்திரையை மிதவையில் போடுங்கள். கோடையில் பம்ப் 8 மணி நேரமாவது ஓடட்டும், வாரம் ஒருமுறை முழுச் சுவரும் தேய்க்கப்படட்டும், மாதம் ஒருமுறை ஸ்டெபிலைசரை அளங்கள். பாஸ்பேட் நீக்கி மருந்தைப் பற்றித் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உரமும் இலையும் பாசிக்குத் தீனி என்பது சரி, ஆனால் குளோரின் சரியாக இருந்தால் தீனி இருந்தும் பாசி வளர முடியாது. என் பணமாக இருந்தால் அதற்குச் செலவிட மாட்டேன், பதிலாக ரோஜாச் செடிக்குப் போடும் உரம் மழையில் குளத்துக்கு வழியாதபடி ஓரத்தில் ஒரு சின்னக் கட்டு கட்டிவிடுவேன்.

கறுப்புப் புள்ளிக்கு மட்டும் என்னால் முழு உத்தரவாதம் தர முடியாது. இதையெல்லாம் செய்து மூன்று வாரம் கழித்தும் அதே இடங்களில் திரும்ப வந்தால், வேர் கிரௌட்டுக்குள் ஆழமாக இருக்கிறது. அப்போது அந்த இடுக்குகளில் மட்டும் பழைய சிமென்ட் கிரௌட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரௌட் போடச் சொல்லுங்கள். நுண்துளை இல்லாததால் பாசிக்குப் பிடிப்பு கிடைக்காது. அந்த முடிவுக்குப் போகுமுன் ஸ்டெபிலைசர், பிஎச், இரவுக் குளோரின் குறைவு ஆகிய மூன்று எண்களையும் இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.